கடவுச்சீட்டுப் பெட்டி: எமது வாசிகசாலைச் சங்கத்தின் 2024/2025 ஆண்டறிக்கை

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, ஆலோசகர்களே, நிருவாகக்குழு உறுப்பினர்களே, மண்டூரிலிருந்து பாதைப் படகேறி வாவியைக் கடந்து வந்திருக்கும் சகோதரிகளே, எல்லோருக்கும் வணக்கம்.

கடந்த பொதுக்கூட்டத்துக்குப் பின் நிருவாகக்குழு பதினொரு தடவை கூடியது. நவம்பர் மாதம் மட்டும் வெள்ளத்தால் கூடவில்லை. உறுப்பினர் தொகை 86. அதில் பெண்கள் பாதிக்கு மேல். மண்டபத்தின் மேற்குப் பக்க ஓடுகள் மாற்றப்பட்டன. ஒழுக்கு முழுதாக நின்றுவிட்டது என்று சொல்லமாட்டேன், புத்தக அலுமாரிகள் நனையாத அளவுக்குச் சரி. வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார்.

வழக்கமாக இந்த அறிக்கை இரண்டு பக்கத்தில் முடியும். இந்த முறை நீளம். ஒரே ஒரு வேலையைப் பற்றித்தான், அடிமைமுறை ஒழிப்பு நினைவுக் கூட்டமும் அதிலிருந்து வந்த கடவுச்சீட்டுப் பெட்டியும், நிறையச் சொல்ல இருக்கிறது, அதனால் மற்றவற்றைச் சுருக்கிவிட்டேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

சென்ற ஜூலைக் கூட்டத்தில், உயர்தரத்தில் வரலாறு படிக்கும் எங்கள் உறுப்பினர் பிள்ளையொன்று எழும்பிக் கேட்டது: "இலங்கையில அடிமைமுறையச் சட்டப்படி ஒழிச்சு இந்த வருசம் 180 ஆகுது. ஒருத்தரும் ஒண்டும் செய்யல்லையே, நாங்க ஏதும் செய்வமா?" அங்கே இருந்தவர்களில் பாதிப்பேர் கேட்ட முதல் கேள்வி, "இலங்கையிலயும் அடிமைகள் இருந்தவங்களா?" என்பதுதான். நானும் அந்தப் பாதியில் ஒருத்தி. அமெரிக்காவின் பருத்தித் தோட்டம், கரிபியன் தீவுகளின் கரும்புத் தோட்டம், கப்பலின் அடித்தட்டில் சங்கிலியோடு கிடத்திக் கொண்டுபோன ஆபிரிக்கர்கள், இவைதான் அடிமை என்றதும் எங்கள் மனதில் வந்தவை. டிசம்பர் 2 ஐ அடிமைமுறை ஒழிப்புக்கான சர்வதேச தினமாக ஐக்கிய நாடுகள் சபை கடைப்பிடிக்கிறது. சரி, அந்த நாளில் ஒரு கூட்டம் வைப்போம், அதற்கு முன் நாங்களே படித்துத் தெரிந்துகொள்வோம் என்று முடிவாயிற்று. ஓகஸ்ட் தொடங்கி ஞாயிறு பின்னேரங்களில் பத்துப் பன்னிரண்டு பேர் மண்டபத்தில் இருந்து வாசித்தோம்.

வாசித்ததில் எங்களைத் தூக்கிவாரிப் போட்ட சிலதைப் பதிவு செய்கிறேன். பிரித்தானியப் பாராளுமன்றம் அடிமைமுறையை ஒழிக்கும் சட்டத்தை 1833 இல் இயற்றியது. அது 1834 ஓகஸ்ட் 1 இல் நடைமுறைக்கு வந்தது. கரிபியன் நாடுகள் பல இன்றும் ஓகஸ்ட் 1 ஐ விடுதலை நாளாகக் கொண்டாடுகின்றன. ஆனால் அந்தச் சட்டத்திலேயே விதிவிலக்கு ஒன்று இருந்தது. கிழக்கிந்தியக் கம்பனியின் பிரதேசங்களுக்கும், சென் ஹெலனா தீவுக்கும், இலங்கைக்கும் அது செல்லாது. உலகமே விடுதலை என்று பாடிய நாளில் எங்கள் தீவை ஒரு வரியில் வெளியே வைத்துவிட்டார்கள். இங்கே 1844 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் வரும்வரை, இன்னும் பத்து வருடம், மனிதரை மனிதர் உடைமையாக வைத்திருப்பது சட்டப்படி சரியாகவே இருந்தது.

இன்னொன்று. 1833 சட்டத்தின்படி நட்டஈடு கொடுத்தார்கள், இரண்டு கோடிப் பவுண். யாருக்கு? அடிமைகளை வைத்திருந்தவர்களுக்கு. விடுதலை பெற்றவர்களுக்கு ஒரு சதமும் இல்லை. பயிற்சித் தொழிலாளர் என்று பெயரை மாற்றி 1838 வரை அதே எசமானிடம் வேலை வாங்கினார்கள். அந்த நட்டஈட்டுக்காகப் பட்ட கடனை பிரித்தானிய அரசு கட்டி முடித்தது 2015 இல். அதுவரை அங்கே வரி கட்டியவர்களில் அந்த அடிமைகளின் வழிவந்தவர்களும் இருந்தார்கள். இதை வாசித்த ஞாயிறு, எங்கள் பொருளாளர் கொப்பியை மூடிவைத்துவிட்டு வெளியே போய் நின்றார். கணக்குப் பார்க்கிறவருக்கு அது வேறுவிதமாகச் சுட்டிருக்கும்.

எங்கள் நாட்டுக் கதைக்கு வருகிறேன். ஒல்லாந்தர் காலத்தில் யாழ்ப்பாணத்து வழக்கங்களைத் தொகுத்து 1707 இல் ஆக்கிய தேசவழமையில், சீதனத்துக்கும் காணி ஈட்டுக்கும் விதி இருப்பது போல அடிமைகளுக்கும் விதி இருக்கிறது. ஆங்கிலேயர் வந்த பிறகு, 1816 இல் பிரதம நீதியரசர் அலெக்சாந்தர் ஜோன்ஸ்ரனின் தூண்டுதலால், அடிமை வைத்திருந்த பலர் ஒரு வாக்குக் கொடுத்தார்கள். அந்த வருடம் ஓகஸ்ட் 12 க்குப் பிறகு தங்கள் அடிமைகளுக்குப் பிறக்கும் பிள்ளைகள் சுதந்திரமானவர்கள் என்று. நல்ல காரியம்தான். ஆனால் யோசித்துப் பாருங்கள், பிள்ளை சுதந்திரம், பெற்ற தாய் அடிமை. ஓகஸ்ட் 11 இல் பிறந்த மூத்தது அடிமை, அடுத்தது சுதந்திரம், இருவருக்கும் ஒரே பாய்.

1821 இல் யாழ்ப்பாணத்துக்கு இன்னொரு விதி. குறிப்பிட்ட சில சாதிகளில் அடிமையாய் இருந்தவர்களின் பெண் குழந்தைகளை, பிறந்ததும் அரசாங்கமே காசு கொடுத்து மீட்கும். ஏன் பெண் குழந்தைகளை மட்டும் என்றால், அடிமைத்தனம் தாய்வழியாக இறங்கியது. பெண் விடுபட்டால் அவள் வயிற்றில் வருவதெல்லாம் விடுபடும். தாய்வழிக் குடி பார்க்கிற மட்டக்களப்பார் எங்களுக்கு இதை யாரும் விளக்கத் தேவை இருக்கவில்லை.

என்னை அதிகம் பிடித்து வைத்தது 1818 இன் சட்டம். வைத்திருக்கும் அடிமைகள் எல்லோரையும் உரிமையாளர் பதிவு செய்யவேண்டும், பதியாமல் விட்டால் அந்த ஆள் சுதந்திரம். ஒரே ஆளைப் பலபேர் பங்காக வைத்திருந்த வழக்கத்தையும் அந்தச் சட்டம்தான் நிறுத்தியது. வளவைப் பிரித்து உறுதி எழுதுவது போல ஆளிலும் பங்கு இருந்திருக்கிறது. கந்தோரில் இருக்கும் ஒரு கொப்பியில் உன் பெயர் இருந்தால் நீ அடிமை, எழுத மறந்திருந்தால் நீ மனுசி. அந்தக் கொப்பி உன் கையில் இல்லை, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசிக்கவும் உனக்குத் தெரியாது. அன்றைக்குத்தான் இந்த வருட வேலைக்கு எனக்கு ஒரு வழி தெரிந்தது. உன்னைப் பற்றிய கடதாசி யார் கையில் இருக்கிறது என்று கேட்டுக்கொண்டே போனால், 1818 இலிருந்து இன்றைய எங்கள் ஒழுங்கை வரைக்கும் வந்துவிடலாம்.

எதிர்ப்பும் இருந்தது, அதையும் எழுதத்தான் வேண்டும். மூத்த உறுப்பினர் ஒருவர், "எங்களுக்கும் அதுக்கும் என்னகா சம்மந்தம்? பழைய சாதிக் கதையக் கிளறி ஊரப் பிரிக்கப் போறீங்களா?" என்று கேட்டார். அவர் கேட்டது ஊர் ஒற்றுமையில் உள்ள அக்கறையால். ஆனால் அவர் கேட்டு முடித்தபோது பின்வரிசையில் இருந்த இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டதை நான் கண்டேன். பிரிந்து கிடந்ததைப் பேசாமல் விடுவது ஒற்றுமை ஆகாது என்பது என் அபிப்பிராயம். குழுவிலும் பெரும்பான்மை அப்படியே நினைத்தது.

டிசம்பர் 2 க்கு எல்லாம் ஆயத்தம். அதற்குள் நவம்பர் கடைசி மழை வந்தது. அந்த நாட்களை நான் விவரிக்கத் தேவையில்லை. வயல் முழுவதும் வெள்ளக்காடு, உயர்தரப் பரீட்சை இடைநின்றது, காரைதீவு மாவடிப்பள்ளியில் மதரசாப் பிள்ளைகள் உழவு இயந்திரத்தோடு வெள்ளத்தில் போனார்கள். எங்கள் மண்டபத்தில் நான்கு நாள் குடும்பங்கள் தங்கின. கூட்டத்துக்கென்று வைத்திருந்த அரிசியும் பருப்பும் அந்த நாலு நாளில் சமைக்கப்பட்டது. அது சரியான செலவு என்று குழு ஒருமனதாகப் பதிந்தது. கூட்டத்தை டிசம்பர் கடைசிச் சனிக்கிழமைக்குத் தள்ளிவைத்தோம்.

கூட்டத்தைப் பறைமேளத்தோடு தொடங்கலாம் என்பது முதல் திட்டம். மட்டக்களப்பின் பெருமைகளில் ஒன்று என்று மேடைகளில் சொல்கிறோமே, அந்த நினைப்பில்தான். நானும் தலைவரும் அடுத்த ஊருக்குப் போய், அடிக்கிற குடும்பத்தின் வாசலில் இருந்து கேட்டோம். தேத்தண்ணி தந்தார்கள். வீட்டு மூத்தவர் ஒன்றும் சொல்லவில்லை. பல்கலைக்கழகத்தில் படிக்கும் அவருடைய மகன்தான் பேசினான். "அக்கா, நீங்க கலை எண்டு கூப்புடுறீங்க. என்ர அப்பாவ அப்பிடி ஒருத்தரும் கூப்புடல்ல. சாவு விழுந்தா ஆள் அனுப்புவாங்க, பேர் சொல்லி, வாடா எண்டு. போகாட்டி என்ன நடக்கும் எண்டும் அவருக்குத் தெரியும். அடிமைமுறை முடிஞ்சத நினைக்கிற கூட்டத்துக்கு நாங்க வந்து அடிக்கிறதா, இல்ல கதிரையில இருந்து கேக்கிறதா?" தலைவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "கதிரையில இருக்க வாங்க மனே" என்றார். அந்த மூத்தவர் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார்.

இதைப் பற்றிப் படித்தவர்கள் மத்தியில் இரண்டு நிலைப்பாடு உண்டு. பறையை எல்லோருக்குமான கலையாக மீட்டெடுக்க வேண்டும் என்பவர்கள் ஒரு பக்கம். அது எங்கள் மேல் வைத்த குறி, அதை இறக்கி வைப்பதே விடுதலை என்று அடித்த சமூகத்துப் பிள்ளைகள் சொல்வது மறுபக்கம். இரண்டிலும் நியாயம் இருக்கிறது. முடிவெடுப்பது அடித்தவர்களின் உரிமை, எங்களுடையது அல்ல. அவர்கள் வந்தார்கள், முன்வரிசையில் இருந்தார்கள். பறை அடிக்கப்படவில்லை.

அதற்குப் பதிலாக, மட்டுநகரிலிருந்து, போர்த்துக்கேயர் வழிவந்த பறங்கியர் குடும்பமொன்று வந்து வயலினும் ரபானும் வாசித்துக் கபிரிஞ்ஞா பாடியது. கலியாண வீட்டில் அவர்கள் ஆடுவதைப் பலர் பார்த்திருப்பீர்கள். அந்தப் பெயரிலேயே காப்பிரி, அதாவது ஆபிரிக்கர் என்ற சொல், இருக்கிறது என்பதை எத்தனை பேர் யோசித்தோம்? போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் ஆபிரிக்கர்களை அடிமையாகவும் படையாளாகவும் இங்கே கொண்டுவந்தார்கள். ஆங்கிலேயரும் தங்கள் படைக்கு ஆபிரிக்கர்களை விலைக்கு வாங்கினார்கள். அவர்களின் வழிவந்தவர்கள் இன்று புத்தளம் சிரம்பியடியில் இருக்கிறார்கள், போர்த்துக்கேயம் கலந்த பழைய பாட்டுகளை இன்னும் பாடுகிறார்கள். வயலின்காரர் பாட்டின் இடையில் நிறுத்தி, "இது சந்தோசப் பாட்டுத்தான், ஆனா இதுக்குள்ள கப்பலில வந்த சனம் இருக்கு" என்றார். பிறகு வில்லை எடுத்து, முதல் வரியிலிருந்து திரும்பவும் வாசித்தார். கடைசியில் வயதான பெத்தாமார் இரண்டுபேர் எழும்பி ஆடினார்கள். அதை நாங்கள் திட்டமிடவில்லை.

அடுத்துப் பேசியவர், பதுளைப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து, 1983 க்குப் பிறகு எங்கள் ஊரில் குடியேறிய அம்மா. வயது எண்பது. மேடைக்கு வரமாட்டேன் என்று இருந்த இடத்திலேயே பேசினார். அடிமைமுறை ஒழிந்த அதே காலத்தில்தான் தமிழ்நாட்டிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்குச் சனத்தைச் சனமாக இறக்கினார்கள், மன்னாரில் இறங்கி மாத்தளைக்குக் காட்டு வழியே நடந்தவர்களில் எத்தனையோ பேர் வழியிலேயே செத்துப்போனார்கள் என்பதை முன்னுரையாக நான் சொன்னேன். அவர் அதைக் கேட்டுவிட்டு, தன் தாத்தா சொன்ன துண்டைப் பற்றிச் சொன்னார். "வந்த செலவு, அரிசி, கம்பளி, எல்லாம் கங்காணிகிட்ட கடன். கடன் இவ்வளவுன்னு துண்டுல எழுதியிருக்கும். அந்தத் துண்டு இல்லாம மத்த தோட்டத்துல பேரு பதிய மாட்டாங்க. இன்னொரு தொரை அந்தக் கடனக் கட்டினாத்தான் ஆள் மாறலாம். தாத்தா ஆளு மாறல, கடன்தான் கை மாறிச்சு." துண்டு முறையை 1921 இல் சட்டம் போட்டு நிறுத்தினார்கள்.

அது முடிந்ததென்று பார்த்தால், 1948 இல் பிரசாவுரிமைச் சட்டம். பிறந்த நாட்டில் அந்த அம்மாவுக்கு நாடில்லை. 1964 சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தில் இரண்டு அரசுகள் இலட்சக்கணக்கில் ஆட்களைப் பங்குபோட்டபோது, அவருடைய அண்ணன் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். 2003 சட்டத்துக்குப் பிறகுதான் இலங்கைப் பிரசை என்ற கடதாசி அவர் கைக்கு வந்தது, அறுபதை நெருங்கிய வயதில். அதைப் பொலித்தீன் உறையில் போட்டு, கைலேஞ்சியில் சுற்றி, அன்று கூட்டத்துக்குக் கொண்டுவந்திருந்தார். பிரித்துக் காட்டினார். யாரிடமும் கையில் கொடுக்கவில்லை. பார்த்தவுடன் திரும்பச் சுற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு நான் பேசுவதாக நிகழ்ச்சி நிரலில் இல்லை. அந்த அம்மாவின் கைலேஞ்சியைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. 1997 இல் குவைத்துக்குப் போனேன். எனக்கு 22 வயது, தம்பிமார் படித்துக்கொண்டிருந்தார்கள், அப்பா இல்லை. ஊருக்கு வந்த உபமுகவர், வீட்டில் நான்கு பேர், இலேசான வேலை என்றார். போய்ப் பார்த்தால் பதினொரு பேர். விமான நிலையத்திலேயே என் கடவுச்சீட்டை வாங்கிக்கொண்டார்கள். அது எங்கே இருக்கிறது என்று முதல் மாதமே கண்டுபிடித்துவிட்டேன். மெடத்தின் அலுமாரியில், மூன்றாம் தட்டில், துவாய்களுக்கு அடியில். அந்தத் துவாய்களைக் கழுவி, அயன் பண்ணி, மடித்து அடுக்குவது என் வேலை. கிழமைக்கு ஒருக்கால் துவாயைத் தூக்குவேன், அது கிடக்கும். ஓரம் கொஞ்சம் மடிந்திருந்தது. அதை நேராக்கவேண்டும் போல இருக்கும். தொட்டதில்லை. இரண்டு வருடம், நூறு தடவைக்கு மேல், என் படம் ஒட்டிய என் புத்தகத்தின் மேல் துவாயை மடித்து வைத்துவிட்டு அலுமாரியைச் சாத்தினேன். எடுத்துக்கொண்டு எங்கே போவது? விசா அந்த வீட்டின் பெயரில். வாசலைத் தாண்டினால் ஓடிப்போனவள், பொலிஸ் பிடிக்கும். என்னை அவர்கள் அடிக்கவில்லை, சம்பளமும் பிந்திப் பிந்தியேனும் தந்தார்கள். நான் அதிர்ஷ்டக்காரி என்றுதான் வெகுகாலம் ஊரில் சொல்லி வந்தேன்.

நான் பேசிவிட்டு இருந்ததும், மருதமுனையிலிருந்து வந்திருந்த சகோதரி எழும்பினார். அவர் இருந்தது சவூதியில், இக்காமா என்ற வதிவிட அனுமதி அட்டை ஒரு நாளும் அவர் கண்ணில் படவில்லை. பிறகு ஒருவர் பின் ஒருவராக ஏழுபேர். தமிழ், முஸ்லிம் என்று கதையில் ஒரு வித்தியாசமும் இல்லை. மூதூர் றிசானா நபீக்கை எல்லோரும் நினைத்துக்கொண்டோம். 1988 இல் பிறந்த பிள்ளைக்கு 1982 என்று கடவுச்சீட்டு எடுத்து 2005 இல் அனுப்பினார்கள். அவர் பராமரிப்பில் இருந்த குழந்தை இறந்ததென்ற வழக்கில் 2013 ஜனவரி 9 இல் சவூதியில் தலையை வெட்டினார்கள். பிறப்புச் சான்றிதழ் ஒன்று சொல்லிற்று, கடவுச்சீட்டு இன்னொன்று சொல்லிற்று, நம்பப்பட்டது பொய்க் கடதாசி. அவருக்காக மண்டபத்தில் ஒரு நிமிடம் எழும்பி நின்றோம்.

சொல் ஒன்றைப் பற்றி அன்று விவாதம் வந்தது. இதை அடிமை என்று சொல்லலாமா? சங்கிலியில் கட்டி ஏலத்தில் விற்றவர்களின் துன்பத்தோடு இதைச் சமன் வைப்பது அவர்களுக்குச் செய்யும் அநியாயம் ஆகாதா? நல்ல கேள்வி, அவசரமாகத் தாண்டக்கூடாது. எனக்கு வயிற்றில் பிறந்த பிள்ளையை யாரும் விற்கவில்லை. ஒப்பந்தம் முடிந்தது, நான் திரும்பி வந்தேன். அதனால் நான் அடிமையாக இருந்தேன் என்று சொல்லிக்கொள்ளமாட்டேன். ஆனால் சர்வதேச தொழிலாளர் அமைப்பு, 2021 நிலவரப்படி, உலகில் ஏறத்தாழ 5 கோடிப் பேர் நவீன அடிமைத்தனத்தில் இருப்பதாகக் கணக்கிட்டிருக்கிறது. கட்டாய வேலையில் இருப்போர் அதில் 2 கோடியே 76 இலட்சம், மற்றவர்கள் கட்டாயக் கலியாணத்தில். எங்கள் நாட்டுத் தண்டனைச் சட்டக் கோவையில் 2006 இல் சேர்த்த 358அ பிரிவு, கடனுக்காக ஆளைக் கட்டிவைப்பதையும் கட்டாய வேலையையும் அடிமைத்தனத்தோடு ஒரே பிரிவில் வைத்துக் குற்றமாக்கியிருக்கிறது. சட்டம் ஒன்றாகப் பார்ப்பதை நாங்களும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்தானே. ஒன்றாக்க வேண்டியதில்லை.

அப்புறம்தான் பெட்டி. கூட்டம் கலைந்து கதிரை அடுக்கும் நேரத்தில் தீர்மானித்தது, எழுத்தில் ஜனவரிக் குழுவில் பதிந்தது. வெளிநாட்டுக்கு வேலைக்குப் போகும் யாரும் போவதற்கு முன், கடவுச்சீட்டு, ஒப்பந்தம், முகவருக்குக் கட்டிய காசின் பற்றுச்சீட்டு, போகும் வீட்டு முகவரி, தொலைபேசி இலக்கம் எல்லாவற்றையும் போட்டோக்கொப்பி எடுத்து எங்களிடம் வைத்துவிட்டுப் போகலாம். பழைய பிஸ்கட் டின் ஒன்றில் தொடங்கினோம், இப்போது பூட்டுள்ள இரும்புப் பெட்டி. கொப்பிச் செலவு சங்கத்தினது. இந்த ஆண்டு 23 பேரின் கடதாசி சேர்ந்திருக்கிறது, நான்கு பேர் ஆண்கள். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதியாமல், சுற்றுலா விசாவில் போக வெளிக்கிட்ட இரண்டு பேரைப் பதிந்துவிட்டுப் போகும்படி சொல்லி நிறுத்தினோம். ஒருவர் கேட்டார். மற்றவர் போய்விட்டார்.

பெட்டிக்கு ஒரு விதி வைத்திருக்கிறோம், அதை இங்கே எல்லோர் முன்னும் சொல்ல வேண்டும். மூலக் கடதாசியை நாங்கள் கையில் வாங்கமாட்டோம், பிரதி மட்டும்தான். மாசி மாதம் ஒரு தாய் வந்து, மகளின் கடவுச்சீட்டை நீட்டி, "இத உள்ளுக்க வச்சுப் பூட்டு புள்ள, அவள் போகாம இருக்கட்டும்" என்று அழுதார். மகளுக்கு 24 வயது. அந்தத் தாயின் பயம் எனக்குத் தெரியாத பயம் அல்ல. இருந்தும் வாங்கவில்லை. நல்லதற்கென்று பூட்டினாலும், பூட்டிய அலுமாரி அலுமாரிதான். தாயையும் மகளையும் ஒன்றாக இருத்தி ஒப்பந்தத்தை வரிவரியாக வாசித்துக் காட்டினோம். அவள் போயிருக்கிறாள், கிழமைக்கு ஒரு குரல்பதிவு வருகிறது.

பெட்டி வேலை செய்யாத இடத்தையும் சொல்கிறேன். ஏப்பிரலில் ஒரு கணவர் ஓடி வந்தார், மனைவியோடு இரண்டு மாதம் தொடர்பில்லை என்று. அவர்கள் எங்களிடம் ஒரு பிரதியும் வைத்திருக்கவில்லை. முகவரின் இலக்கம் வேலை செய்யவில்லை. பணியகத்தின் 1989 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு எடுத்தோம், கடவுச்சீட்டு இலக்கம் கேட்டார்கள், வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. பழைய மருத்துவப் பரிசோதனைக் கடதாசியின் பின்பக்கத்தில் யாரோ பேனையால் எழுதியிருந்ததை மூன்று நாள் தேடிக் கண்டுபிடித்தோம். முறைப்பாடு பதிவாகிவிட்டது. அந்தத் தங்கச்சி இந்த அறிக்கை எழுதும்வரை வரவில்லை. ஒருமுறை பேசியிருக்கிறார், ஒரு நிமிடம்.

ஊருக்குள்ளேயே நடப்பதை விட்டுவிட்டு வெளிநாட்டைக் குறை சொல்வது சரியில்லை. முன்பு வயற்சொந்தக்காரரான போடியார் வீட்டுக் கொப்பியில் கடன் நெல் ஏறும், அறுவடையில் கழித்தபின் மிஞ்சுவது அடுத்த போகத்துக்கான கடன். இன்று கிழமை லோன் அட்டை. வட்டிக்குக் கொடுப்பவர் ஒருவர் எங்கள் உறுப்பினர் பெத்தா ஒருவரின் ஏ.ரி.எம். அட்டையை இரகசிய இலக்கத்தோடு வாங்கி வைத்திருந்தார். மாதம் பிறந்ததும் அவரே காசை எடுத்து, மிச்சத்தைப் பெத்தாவிடம் கொடுப்பார். பெத்தா அதை உதவி என்றுதான் நினைத்தார். தலைவரும் பொருளாளரும் பெத்தாவோடு வங்கிக்குப் போய் அட்டையை நிறுத்தி, புதியது எடுத்துக் கொடுத்தார்கள். கடனைக் கட்டத் தவணை எழுதிக் கையெழுத்து வைத்தாயிற்று. புது இலக்கத்தை யாரிடமும் சொல்லவேண்டாம் என்றபோது பெத்தா கேட்டார்: "உங்களுக்கிட்டயும் சொல்லப்படாதா?" சொல்லக்கூடாது பெத்தா, எங்களிடமும்தான். வெளிநாட்டிலிருந்து மனைவி அனுப்பும் காசின் வங்கிப் புத்தகத்தைக் கையில் வைத்திருக்கும் கணவன்மாரும் இங்கே இருக்கிறீர்கள். பெயர் சொல்லவில்லை, கேட்டுக்கொள்கிறேன்.

வரும் ஆண்டுக்குக் குழு முன்மொழிவது: டிசம்பர் 2 நினைவுக் கூட்டம் ஒவ்வொரு வருடமும் நடக்கவேண்டும், மழைக்கு ஒதுக்கு நாளோடு. வீட்டுவேலைத் தொழிலாளருக்கான 2011 ஆம் ஆண்டின் 189 ஆம் இலக்க சர்வதேச சமவாயத்தை இலங்கை ஏற்புறுதி செய்யவேண்டும் என்று மாவட்டப் பாராளுமன்ற உறுப்பினர் எல்லோருக்கும் கடிதம் எழுதுகிறோம். கையொப்பத் தாள் வாசலில் இருக்கிறது. மண்டூரிலும் ஒரு பெட்டி வேண்டுமென்று கேட்டிருக்கிறார்கள். மழைக்காலத்தில் பாதை நின்றால் அவர்களால் வரமுடியாது, நியாயம். மேற்குப் பக்க ஓட்டுக்கு இன்னொரு தடவை காசு சேர்க்கவேண்டியும் வரலாம்.

ஞாயிறு வாசிப்புக்குத் தன் வீட்டுப் பலகாரத்தை ஒவ்வொரு கிழமையும் கொண்டுவந்த மாமிக்கும், வெள்ளத்தில் மண்டபத்தைக் கழுவித் தந்த இளைஞர்களுக்கும், இதையெல்லாம் தொடக்கிவைத்த அந்த மாணவிக்கும் நன்றி. அவளுடைய பரீட்சை முடிவு நல்லபடி வந்திருக்கிறது.

நான்கு வருடம் இந்தப் பொறுப்பில் இருந்துவிட்டேன், இந்த முறை என் பெயரை முன்மொழிய வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். பெட்டிக்கு இரண்டு திறப்பு. ஒன்று பொருளாளரிடம். மற்றது இது, மேசையில் வைக்கிறேன். புதிய செயலாளர் எடுத்துக்கொள்ளும்போது உள்ளே உள்ள 23 உறைகளையும் எல்லோர் முன்னிலையிலும் எண்ணிப் பார்க்க வேண்டும். ஏழாவது உறையில் தொலைபேசி இலக்கம் மாறியிருக்கிறது, நேற்றுத்தான் சொன்னார்கள், இன்னும் திருத்தவில்லை.

செயலாளர்